பழைய கணக்கு சாஃப்ட்வேரோடு புது கம்ப்யூட்டருக்கு மாறுகிறீர்களா? முதலில் விர்ச்சுவல் ஸ்டோரைத் திறந்து பாருங்கள்

கடைக் கணக்கை இருபது, இருபத்தைந்து வருஷம் முன்னால் யாரோ எழுதிக்கொடுத்த சின்ன சாஃப்ட்வேரில் இன்னும் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரப்பர் ஷீட் கடை, மரக்கடை, சீட்டு நடத்துபவர்கள், சர்ச் சந்தாக் கணக்கு என்று நம்ம குமரி மாவட்டத்தில் இப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கான ஆதரவை நிறுத்தியதும் பலர் புது கம்ப்யூட்டருக்கு மாறினார்கள், இன்னும் மாறிக்கொண்டிருக்கிறார்கள். நாங்களும் மாறினோம். மாறின அன்றைக்கே பதின்மூன்று வருஷக் கணக்கு காணாமல் போனது. அது எங்கே போனது என்று சொல்ல ஒருத்தரும் இல்லை, நானாகத்தான் தேடிக் கண்டுபிடித்தேன். அதற்குள் பணமும் போய், அப்பாவின் தூக்கமும் போய்விட்டது.

எங்கள் கடை குலசேகரம் பக்கம். ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் (மரத்தில் காய்ந்து ஒட்டின ரப்பர்) எடுக்கிறோம். இந்தத் தொழில் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் ஷீட்டைக் கொண்டுவந்து எடை போட்டுவிட்டு மொத்தப் பணத்தையும் அன்றே வாங்கிப்போக மாட்டார்கள். கொஞ்சம் கையில் வாங்குவார்கள், மிச்சம் கணக்கில் கிடக்கும். பிள்ளைக்கு காலேஜ் ஃபீஸ் கட்டும்போது, வீட்டுக்கு கான்கிரீட் போடும்போது வந்து கேட்பார்கள். மழையில் பால்வெட்டு (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பது) நின்றால் முன்பணம் வாங்குவார்கள். ஊர்க்காரர்கள் எங்களை நம்பி விட்டுவைத்த பணத்தின் கணக்குதான் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது. ஜிஎஸ்டி விவரமெல்லாம் ஆடிட்டரிடம் தனியாக இருக்கிறது. இந்த ஆள்வாரிக் கணக்கு வேறெங்கும் கிடையாது.

அந்த சாஃப்ட்வேரை 2001-இல் நாகர்கோவில்காரர் ஒருவர் விசுவல் பேசிக் 6-இல் எழுதிக்கொடுத்தார், அப்போது எங்களிடம் இருந்தது விண்டோஸ் 98. அவர் அப்புறம் வளைகுடாவுக்குப் போய்விட்டார், தொடர்பு விட்டுப்போனது. சாஃப்ட்வேர் மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. 98 போய் எக்ஸ்பி வந்தபோதும் ஓடியது. 2012-இல் புது மெஷினும் விண்டோஸ் 7-ம் வாங்கினோம், அதிலும் ஓடியது. 2016-இல் விண்டோஸ் 10-க்கு இலவசமாக மாறிக்கொள்ளலாம் என்று கொடுத்தார்களே, அந்த ஜூலை 29 கெடுவுக்கு முன்னாலேயே மாறினோம், அப்போதும் ஒரு குறையும் இல்லை. எழுதினவர் கைவிட்டுப்போன ஒரு நிரலை இத்தனை தலைமுறை விண்டோஸ் சுமந்து வந்திருக்கிறது என்பதை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். ஆனால் அது எப்படிச் சுமக்கிறது என்று அப்போதே தெரிந்திருந்தால் இவ்வளவு பாடு பட்டிருக்க மாட்டோம்.

2025 அக்டோபரில் மழை விட்டு விட்டுப் பெய்து பால்வெட்டு சரியாக நடக்காத நேரம், கடையில் ஆள் குறைவு. மாற்ற அதுதான் சமயம் என்று நினைத்தோம். பழைய மெஷின் இரண்டாம் தலைமுறை இன்டெல் ஐ3. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு அதில் இல்லை, எட்டாம் தலைமுறைக்கு முந்தின இன்டெல் சிப்பெல்லாம் பொதுவாக விண்டோஸ் 11 ஏற்கிற பட்டியலிலேயே கிடையாது. புது மெஷின் 41,000 ரூபாய். விற்ற சர்வீஸ் கடையிலேயே பழையதை 4,000 ரூபாய்க்கு எக்ஸ்சேஞ்ச் எடுத்துக்கொண்டார்கள், டேட்டாவை மாற்றிக்கொடுக்க 2,500. "சி டிரைவில உள்ள ஃபோல்டரு, டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் எல்லாம் காப்பி பண்ணியாச்சு" என்று சொல்லிவிட்டு பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்து அதில் புதிதாக விண்டோஸும் போட்டுவிட்டார்கள்.

இங்கே ஒன்று. விண்டோஸ் 10 முடிந்தது என்று எல்லாரும் பயமுறுத்தினார்களே தவிர, தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை நீட்டித்துக்கொள்ளும் வழி இருந்ததை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை ஒத்திசைக்க ஒப்புக்கொண்டால் அது இலவசமாகவே கிடைத்தது. அவசரமே இருந்திருக்கவில்லை என்று பிறகு தெரிந்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நீங்கள் இன்னும் 10-இல் இருந்து, அந்தத் தேதியும் தாண்டவில்லை என்றால் அந்த நீட்டிப்பைப் போட்டுக்கொண்டு நிதானமாக மாறுங்கள்.

புது மெஷினில் முதல் தடங்கல், பழைய சிடியில் இருந்த செட்டப் ஓடவே இல்லை. இந்த ஆப் உங்கள் கணினியில் இயங்காது என்று ஒரு பெட்டி வந்து நின்றது. சாஃப்ட்வேர் 32 பிட்தான், ஆனால் அதை நிறுவுகிற செட்டப் அதற்கும் முந்தின தலைமுறையான 16 பிட். அந்தக் காலத்தில் பல சாஃப்ட்வேருக்கும் இப்படித்தான் இருந்திருக்கிறது. 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல் ஓடாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. எங்கள் பழைய மெஷினில் 7-ம் 10-ம் 32 பிட்டாக இருந்ததால் இத்தனை நாள் இது வெளியே தெரியவில்லை. இதற்குப் பயப்பட வேண்டாம். விசுவல் பேசிக் 6-இன் அடிப்படை ஃபைல்கள் விண்டோஸ் 11-க்கு உள்ளேயே வருகின்றன, ஆகவே பல சமயம் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தாலே போதும். கூடவே வரும் ஓசிஎக்ஸ் ஃபைல்களை (சாஃப்ட்வேரின் பொத்தான், பட்டியல் போன்ற உறுப்புகள்) மட்டும் பழைய மெஷினிலிருந்து எடுத்துப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் 64 பிட் ஃபைல்கள் இருக்கும், சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டரில்தான் 32 பிட் ஃபைல்கள் இருக்கும். பெயரைப் பார்த்து மாற்றிப் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று அரை நாள் உட்கார்ந்திருப்பீர்கள். 32 பிட் ஓசிஎக்ஸ் போக வேண்டிய இடம் சிஸ்வாவ்64.

சர்வீஸ் கடைப் பையன் இதையெல்லாம் எப்படியோ சரிசெய்து சாஃப்ட்வேரைத் திறந்து காட்டினான். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து பார்த்தார். கடைசி வரவு 2012 மார்ச். அதற்கு அப்புறம் ஒன்றுமே இல்லை. செத்துப்போனவர்களின் கணக்கெல்லாம் பாக்கியோடு நிற்கிறது, நேற்று ஷீட் கொண்டுவந்தவரின் பெயரே இல்லை. "நீங்க தந்த மெஷின்ல இருந்த டேட்டா இவ்வளவுதான்" என்றான் பையன். சரி, பென் டிரைவ் இருக்கிறதே என்று எடுத்தேன். மாதா மாதம் அந்த ஃபோல்டரை இழுத்து பென் டிரைவில் போட்டு வைப்பது எங்கள் கடையில் பழக்கம், சாஃப்ட்வேர் எழுதினவரே எக்ஸ்பி காலத்தில் சொல்லிக்கொடுத்தது. ஒன்றொன்றாகத் திறந்தேன். எல்லாவற்றிலும் அதே எம்டிபி ஃபைல் (கணக்கு முழுக்க இருக்கும் ஆக்சஸ் டேட்டா ஃபைல்), அதே அளவு, அதே 2012 தேதி. அன்று ராத்திரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையிலேயே பேச்சிப்பாறைப் பக்கமிருந்து ஒரு பெரியவர், எப்படியோ கேள்விப்பட்டு வந்து, "மக்களே, எனக்க கணக்கு இருக்குல்லா?" என்று கேட்டார். இருக்கு அப்பச்சி என்று சொன்னேன், கை நடுங்கியது. அவர் கணக்கில் மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்த தொகை இருந்தது.

கண்டுபிடித்தது இப்படித்தான். புது மெஷினில் சும்மா ஒரு பெயர் போட்டு நூறு ரூபாய் வரவு எழுதிப் பார்த்தேன். சாஃப்ட்வேரை மூடித் திறந்தால் அந்த நூறு ரூபாய் இருக்கிறது. ஆனால் சாஃப்ட்வேர் இருக்கும் ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் உள்ள எம்டிபி ஃபைலின் தேதி மாறவே இல்லை, 2012-லேயே நிற்கிறது. அப்படியானால் அந்த நூறு ரூபாய் எங்கே எழுதப்பட்டது? மறைந்திருக்கும் ஃபைல்களையும் காட்டும்படி வைத்துவிட்டு சி டிரைவ் முழுக்க அந்த ஃபைல் பெயரைத் தேடினேன். இரண்டு வந்தது. இரண்டாவது இருந்த இடம்: சி டிரைவ், யூசர்ஸ், நம் பயனர் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல் ஸ்டோர். அதில் இன்றைய தேதி. பழைய மெஷினில் எங்கள் பதின்மூன்று வருஷமும் இதே இடத்தில்தான் இருந்திருக்கிறது என்று அந்த நிமிஷம் புரிந்தது. ஆப்டேட்டா ஃபோல்டர் மறைந்தே இருக்கும், காப்பி எடுத்தவர்கள் அதைப் பார்க்கவே இல்லை.

ஏன் இப்படி என்று அப்புறம் உட்கார்ந்து படித்தேன். விண்டோஸ் 95, 98 எல்லாம் டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் மேல் எழுந்தவை, அங்கே எந்த நிரலும் எந்த ஃபோல்டரிலும் எழுதலாம், கேட்க ஆள் இல்லை. எக்ஸ்பி, டாஸ் இல்லாமல் தனியாக எழுதின விண்டோஸ் என்டி குடும்பத்தைச் சேர்ந்தது, அனுமதி முறையெல்லாம் இருந்தது, ஆனால் வீட்டிலும் கடையிலும் எல்லாரும் அட்மின் கணக்கிலேயே உட்கார்ந்ததால் அதுவும் 98 மாதிரியே நடந்துகொண்டது. 2007-இல் விஸ்டா வந்தபோது அட்மினாக இருந்தாலும் சம்மதம் கேட்காமல் ப்ரோகிராம் ஃபைல்ஸில் எழுத விடுவதில்லை என்று ஆக்கினார்கள். பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் எங்களுடையது மாதிரி தன் ஃபோல்டரிலேயே டேட்டாவை எழுதிப் பழகின பழைய நிரல்கள் அத்தனையும் நின்றுபோயிருக்கும். அதைத் தவிர்க்க, அப்படிப்பட்ட 32 பிட் நிரல் எழுத வரும்போது விண்டோஸ் அந்த ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து விர்ச்சுவல் ஸ்டோரில் வைத்து, எழுதுவதையெல்லாம் அதில் எழுதிவிட்டு, நிரலிடம் நீ கேட்ட இடத்திலேயே எழுதியாச்சு என்று சொல்லிவிடுகிறது. வாடகைக்காரன் பூட்டின அறையில் வைக்கச் சொன்ன சாமானை வீட்டுக்காரர் பின்கட்டில் வைத்துக்கொண்டு கேட்கும்போதெல்லாம் எடுத்துக் கொடுப்பது போல. நிரல் வழியாகப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். ஃபோல்டரைத் திறந்து நாம் பார்த்தால் பழைய ஃபைல்தான் தெரியும். எக்ஸ்பியில் சரியாக இருந்த எங்கள் பென் டிரைவ் பழக்கம் 2012-இல் விண்டோஸ் 7 வந்த அன்றே செல்லாமல் போய்விட்டது, வெளியே எந்த அடையாளமும் இல்லாமல். விஸ்டாவிலும் 7-லும் அப்படிப்பட்ட ஃபோல்டரைத் திறந்தால் மேலே கம்பாட்டிபிலிட்டி ஃபைல்ஸ் என்று ஒரு பொத்தான் வரும், அதுதான் இருந்த ஒரே எச்சரிக்கை. அதை அழுத்திப் பார்க்க வேண்டும் என்று கடை நடத்துகிறவருக்கு எப்படித் தெரியும்?

இதோடு ஒட்டின இன்னொரு ஆபத்தும் உண்டு. ஏதாவது சாஃப்ட்வேர் தகராறு செய்தால் ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். அப்படித் திறந்தால் விண்டோஸ் அந்த மாற்று வழியைப் போடாது, நிரல் உண்மையான ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபைலையே திறக்கும். அதாவது ஒரே ஐகானுக்குப் பின்னால் இரண்டு கணக்குப் புத்தகம். சில வருஷம் முன்னால் ஒரு மதியம் பார்த்தபோது புது வரவெல்லாம் காணாமல் போய் அப்பா வேலைக்கு நின்ற தம்பியைச் சந்தேகப்பட்டார். அன்று பிரின்டர் சரிசெய்ய வந்தவர் அட்மினாகத் திறந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார், காரணம் இப்போதுதான் புரிகிறது. அந்தத் தம்பியிடம் போனில் விஷயத்தைச் சொல்லி அப்பாவே பேசினார். ஆகவே டேட்டா குறைந்த மாதிரி தெரிந்தால், முதலில் அதைச் சாதாரணமாகவும் அட்மினாகவும் மாறி மாறித் திறந்து பாருங்கள், புதிதாக எதையும் எழுதாமல்.

விஷயம் புரிந்ததும் சர்வீஸ் கடைக்கு ஓடினேன். நல்ல வேளை, பழைய மெஷின் இன்னும் விற்கவில்லை. 4,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து வாங்கி, டிஸ்க்கை மட்டும் கழற்றித் திருவனந்தபுரத்தில் டேட்டா மீட்பவர்களிடம் கொண்டுபோனேன். அது சாதாரண ஹார்ட் டிஸ்க், விரைவு ஃபார்மட்தான் செய்திருந்தார்கள், அதனால் பழைய டேட்டா பெரும்பாலும் அப்படியே கிடந்தது. ஆனால் மேலே புதிதாக விண்டோஸ் ஏற்றினதில் கொஞ்சம் அழிந்துவிட்டது. 16,500 ரூபாய் வாங்கினார்கள். கிடைத்த எம்டிபி ஃபைல் நேராகத் திறக்கவில்லை, ஆக்சஸில் கம்பாக்ட் அண்ட் ரிப்பேர் கொடுத்த பிறகு திறந்தது. பெயர்ப் பட்டியல் முழுசாக வந்தது. கடைசி இரண்டு வருஷ வரவு செலவில் பெரும்பகுதி போயிருந்தது. அதை பில் புத்தகத்தின் கார்பன் பிரதிகளை வைத்து ஒவ்வொன்றாக ஏற்றினோம். ஊர்க்காரர்கள் தங்களிடம் இருந்த துண்டுச்சீட்டுகளைக் கொண்டுவந்து தந்தார்கள். ஒருத்தர்கூட கூட்டிச் சொல்லவில்லை என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும், எங்கள் பில்லோடு ஒத்துப் பார்த்தபோது அவர்கள் சொன்ன தொகை சரியாகவே இருந்தது. பெரியவரின் கல்யாணப் பணமும் கடைசி ரூபாய் வரை கணக்கில் வந்தது. இந்த வேலை கிறிஸ்துமஸ் தாண்டியும் ஓடியது.

சின்னச் சின்னத் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். பெயர்கள் எல்லாம் புது மெஷினில் கண்டபடி சிதறித் தெரிந்தன. எங்கள் சாஃப்ட்வேர் விண்டோஸ் 98-இல் பிறந்தது, அதில் தமிழ் யூனிகோடு கிடையாது. லதா எழுத்துருவோடு தமிழ் வந்ததே விண்டோஸ் 2000-த்தில்தான். அதனால் பெயர்களை 1999-இல் தமிழக அரசு அறிவித்த, யூனிகோடு அல்லாத டாம் முறை எழுத்துருவில் அடித்திருந்தார்கள். எழுத்துருவை நிறுவினால் போதும் என்றுதான் இருந்தது, ஆனால் தமிழ் நன்றாக வரட்டும் என்று யாரோ ரீஜன் செட்டிங்ஸில் யுடிஎஃப்-8 என்று பீட்டா குறிப்போடு இருக்கும் பெட்டியில் டிக் போட்டிருந்தார்கள். அந்த டிக் இருந்தால் இந்த மாதிரி பழைய எழுத்துருக்கள் குழம்பிவிடும். எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்ததும் சரியானது. சிதறித் தெரியும்போது எந்தப் பெயரையும் திருத்திச் சேமிக்காதீர்கள், அப்புறம் உண்மையாகவே கெட்டுவிடும்.

பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் அடுத்தது. புது மெஷினில் பேரலல் போர்ட் இல்லை, யுஎஸ்பி மாற்று கேபிள் வாங்கினோம். விண்டோஸ் பிரின்டரை அறிந்துகொண்டது, சாஃப்ட்வேர் அறிந்துகொள்ளவில்லை, ஏனென்றால் அது எல்பிடி1 என்ற பேரலல் போர்ட்டுக்கு நேராக எழுதுகிறது. வழி இதுதான்: பிரின்டரை ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி டிரைவரில் போட்டு, அதை ஷேர் செய்து, கமாண்ட் பிராம்ப்ட்டில் நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி1-ஐ அந்த ஷேருக்குத் திருப்பிவிடுவது. பிரின்டர் போச்சு, புதுசு வாங்கணும் என்று சொன்னவர் பேச்சைக் கேட்டிருந்தால் இன்னும் பதினைந்தாயிரம் போயிருக்கும்.

இப்போது சாஃப்ட்வேர் ஃபோல்டரையே ப்ரோகிராம் ஃபைல்ஸிலிருந்து வெளியே எடுத்து டி டிரைவில் வைத்திருக்கிறேன். அங்கே எழுதத் தடை இல்லாததால் விர்ச்சுவல் ஸ்டோர் விவகாரமே வராது, ஒரே ஃபைல்தான். எங்களுடையது தன் ஃபோல்டரிலேயே டேட்டாவைத் தேடுகிற வகை, அதனால் இடம் மாற்றினாலும் ஓடியது. சில சாஃப்ட்வேருக்கு ஓடாது, மாற்றும் முன் நகல் வைத்துச் சோதியுங்கள். காப்பி எடுத்த பிறகு அந்தக் காப்பியை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து நேற்றைய வரவு தெரிகிறதா என்று பார்க்கிறோம், அது தெரியாமல் பென் டிரைவைப் பெட்டிக்குள் வைப்பதில்லை. பெயர்களை யூனிகோடுக்கு மாற்றி வேறு நல்ல சாஃப்ட்வேருக்குப் போகும் வேலையும் மெதுவாக நடக்கிறது.

மாறப் போகிறவர்கள் பழைய மெஷினைக் கொடுப்பதற்கு முன் மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் டிஸ்க்2விஎச்டி என்ற கருவியால் முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலாக ஒரு எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் எடுத்துவிடுங்கள். எந்த ஃபோல்டர் மறைந்திருந்தாலும் அதில் வந்துவிடும், பின்னால் எது விட்டுப்போனாலும் திறந்து எடுக்கலாம். பழைய டிஸ்க்கை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவே வேண்டாம், அதற்கு அவர்கள் தரும் சில நூறு ரூபாயை விட்டுவிடுங்கள், ஒரு வருஷமாவது அலமாரியில் கிடக்கட்டும். ஏற்கெனவே ஃபார்மட் ஆகிவிட்டது என்றால் அந்த மெஷினை ஆன் செய்யாதீர்கள், அதிலேயே மீட்பு சாஃப்ட்வேரை நிறுவிப் பார்க்கவும் விடாதீர்கள், எழுதுகிற ஒவ்வொரு ஃபைலும் பழையதின் மேல்தான் விழும். ஹார்ட் டிஸ்க் என்றால் கழற்றி எடுத்துக்கொண்டு மீட்பவர்களிடம் போங்கள். எஸ்எஸ்டி என்றால் டிரிம் என்ற ஏற்பாடு அழித்த இடத்தை உள்ளேயே துடைத்துவிடும், அதனால் வாய்ப்பு மிகவும் குறைவு. அதற்குப் பணம் கட்டும் முன், கிடைத்தால் மட்டும் காசு என்று பேசிக்கொள்ளுங்கள்.